எழுத்து வேலையைக் கொடும், வாக்கை வைத்துக்கொள்ளும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மழை தொடங்கிவிட்டதால் விடுதியில் அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பதில் எழுத வேண்டிய நேரமும் இருக்கிறது. உமது கைத்தறிச் சேலைக் கடையின் விளம்பர வேலைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தீர். எழுத்து வேலையைத் தாராளமாகக் கொடும்; வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும் வேலையை மட்டும் உம்மிடமே வைத்துக்கொள்ளும்.

சீசனுக்கு முன்னர் எமது விடுதிக்கு ஓர் அறிமுகம் எழுதித் தருமாறு ஒரு செயலியிடம் கேட்டபோது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நொடியில் எழுதித் தந்தது. ஆனால் டிசம்பரில் வந்து எமது கரைக்கு அப்பால் இருக்கும் புறாமலைத் தீவின் பவளப்பாறைகளைக் கண்டுகளிக்குமாறு விருந்தினரை அழைத்திருந்தது! மார்கழிக் கடலில் எந்தப் படகோட்டி அங்கே போவார்? இலங்கைச் சுற்றுலா பற்றி இணையத்தில் இருப்பவற்றுள் நிறைய, டிசம்பரில் கடல் அமைதியாக இருக்கும் தென்கரையின் சீசனைச் சார்ந்தவை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதும் இயந்திரம் அதிகம் பேசப்பட்டதன் பக்கமே சாயும்.

அதனால் முறையை மாற்றினேன். விருந்தினர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்த கேள்விகளைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் நீக்கிக் கொடுத்து, வகைப்படுத்தித் தருமாறு கேட்டேன். (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லாவிட்டாலும் அவற்றை நீக்குவதே மரியாதை.) அறையின் அழகைப் பற்றிக் கேட்டவர்கள் சொற்பம், கடல் அமைதியாக இருக்குமா, சிறு பிள்ளைகளைப் படகில் ஏற்றலாமா என்பனவே திரும்பத் திரும்ப வந்திருந்தன. விளம்பரத்தின் முதல் வரியை அவற்றுக்கான பதிலாகவே வைத்தேன். உம்மிடமும் சாயம் போகுமா, எப்படித் துவைப்பது என்ற கேள்விகள் குவிந்திருக்கும், அவற்றிலிருந்தே தொடங்கும்.

பேஸ்புக் விளம்பரத்தில் ஒன்றைக் கவனியும். பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் தானியங்கி அமைப்பு, ஒரு விளம்பரத் தொகுதியில் நீர் இலக்காக வைத்த விளைவு வாரத்துக்குச் சுமார் 50 தடவை கிடைத்த பின்னரே பொதுவாகக் ‘கற்றல் நிலையை’, அதாவது விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று பழகும் கட்டத்தை, விட்டு வெளியேறும். உமது கடையில் வாரத்துக்கு 50 சேலைகள் இணையத்தில் விற்காது. ஆகையால் விற்பனையை இலக்காக வைக்காமல், செய்தி அனுப்பி விசாரிப்பவர்களை இலக்காக வையும். சிறிய பணத்தை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கவும் வேண்டாம்.

தானாகப் பதிலளிக்கும் உரையாடியை உமது மகன் பரிந்துரைப்பதாக எழுதியிருந்தீர். எயார் கனடாவின் உரையாடி கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்ன வழக்கில், 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு கொடுக்க வைத்தது. கடை திறக்கும் நேரத்தை அது சொல்லட்டும். விலையையும் கையிருப்பையும் நீரோ மகனோ சொல்லும்.

படங்களில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பின்னணியை மாற்றும்போதே இந்தச் செயலிகள் சேலையின் கரையையும் முந்தானை வேலைப்பாட்டையும் தம் விருப்பப்படி திருத்திவிடுவதுண்டு. படத்தில் கண்ட கரை பொதியில் இல்லையென்றால் சேலை திரும்பி வரும், ஆள் திரும்பி வரமாட்டார். வாசல் வெளிச்சத்தில் எடுத்த படமே போதும்.

கடந்த தீபாவளிக்கு வந்த விசாரிப்புகளைப் பெயர்களை நீக்கி அனுப்பிவையும். இருவருமாகத் தைப்பொங்கல் விளம்பரத்தை எழுதிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உமது நண்பன்