சுண்ணாம்பில் நிற்காத மீன்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தையை, காதில் விழாதவன் போல அப்போது விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஏதாவது வரைகிறாயா என்று உன் அம்மா கேட்டதற்கு, "வரைந்து என்னம்மா ஆகப்போகிறது, அதை யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தக் கேள்வி உன்னுடையது அன்று, பாப்பா. அது என்னுடையது. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த நீல எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, கொல்லைச் சுவரில் துவைக்கும் கல்லுக்கு மேலே இரண்டு முழ நீளத்துக்கு ஒரு மீனை வரைந்து வைத்திருந்தாய். வேலை முடிந்து வந்த நான் மீனைப் பார்க்கவில்லை, காலி டப்பாவைத்தான் பார்த்தேன். "இதற்கு எவன் காசு கொடுப்பான்" என்று கேட்டேன். அடுத்த வாரமே சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். நீ அழவில்லை என்பதால் அது பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிக் கேட்டதை நியாயப்படுத்த இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பதினாறு வயதில் நான் போர்டு எழுதும் தொழிலுக்கு வந்தபோது, வாத்தியார் ஆறு மாதம் வரை பிரஷ்ஷைத் தொட விடவில்லை. தகரத்தைத் தேய்ப்பதும், சுண்ணப்பொடி தடவிய நூலைப் பலகையின் இரு முனைகளிலும் இறுக்கிப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கோடு விழச் செய்வதுமே என் வேலை. அந்த இரண்டு கோடுகளுக்குள் எழுத்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் கலை. இரண்டாம் ஆண்டு, அதாவது 1978இல், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைக் கொண்டுவந்தது. அதுவரை ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்னே யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி ஏறி நிற்கும். ணா, றா, னா ஆகியவற்றின் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுருண்டுகொள்ளும். ணொ, ணோ முதலியவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. பெரியார் தம் பத்திரிகையில் 1935 முதலே எழுதிவந்த வடிவம்தான் அது என்று வாத்தியார் சொன்னார். ஆனால், அப்போதுதான் தும்பிக்கையைப் போடப் பழகியிருந்த என் கைக்கு அதை விட முடியவில்லை. 'கடலை' என்று எழுதச் சொன்னால் கை தானாகத் தும்பிக்கையைத் தூக்கிவிடும், பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் துடைக்கவேண்டும்.

நம் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. கடைக்காரர் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் கேட்பார். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. தாளில் இருப்பதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைந்துவிடுவேன். ஒருமுறை பிரெஞ்சு 'C' எழுத்தின் காலடியில் தொங்கும் சிறு கொக்கியைத் தாளில் பட்ட பேனாக் கறை என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைக்காரர் ஏணியைத் திரும்பவும் சாத்தச் சொன்னார். ஆக, நாற்பது ஆண்டுகள் நான் போட்ட கோடுகளில், எவரும் கேட்காமல் போட்டது என்று ஒன்றுகூட இல்லை. பிளெக்ஸ் வந்த பிறகு நடந்ததைப் பற்றி நான் புலம்பியதெல்லாம் உனக்கு மனப்பாடம் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நீ எனக்கு வாங்கி அனுப்பிய வரைபட நோட்டு ஏழு மாதம் அலமாரியிலேயே இருந்தது. கண் சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். பயம்தான் காரணம். ஏணி மேல் நின்று இருபதடி உயரத்தில் எழுதியவனுக்கு, மடியில் வைத்த வெள்ளைத் தாளில் முதல் கோட்டைப் போட வியர்த்தது. என்ன எழுத்து, எத்தனை அடி, எந்த வண்ணம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கெட்டுப்போனால் கேட்பதற்கும் ஆள் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை; கேட்க ஆளில்லாத ஒன்றை எதற்குச் செய்வது என்றே தோன்றியது.

வைகாசியில் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து நோட்டோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். காலை ஏழரை மணி வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் நடுச்சாலையில்கூட உட்காரலாம். பெரிய ஓவியன் போல, 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தை வரைந்தேன். மறுநாள் காந்தி சிலையையும், அதைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல் தூண்களையும் வரைந்தேன். இரண்டும் மளிகைக் கடை காலண்டர் போல வந்தன. ஊரார் எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே நானும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, இனி இது நமக்கு வேண்டாம் என்று பெரிய மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனேன்.

அங்கே நாம் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மாவின் முன்னால் கூட்டம் இருந்ததால் நிற்கவேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகளாக அவரிடம் பூ வாங்குகிறோம். அவர் கையை நான் அன்றுதான் பார்த்தேன். நனைத்த வாழைநாரை இடக்கையில் பிடித்துக்கொண்டு, மல்லிகை மொட்டுகளைக் காம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டிரண்டாக வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் எடுத்து, அதைக் காம்புகளின் மேல் மாட்டி ஓர் இழுப்பு. மொட்டு நசுங்குவதில்லை, காம்பு நழுவுவதும் இல்லை. இவ்வளவும் நடக்கும்போது அவர் கண் கையில் இல்லை. எதிர்க்கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சு நிறைந்தும் போனது. கத்தரிக்காய் வாங்கிய சீட்டின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அந்தக் கையை வரைந்தேன்.

கேவலமாக வந்தது. ஐந்து விரல்களையும் எண்ணிப் போட்டும் அது கையாக இல்லை, வெண்டைக்காய்க் கட்டு போல இருந்தது. எட்டிப் பார்த்த பூக்கார அம்மா, "பெயிண்டரய்யா, என் சுண்டுவிரலு இவ்ளோ நீட்டெல்லாம் கெடையாதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை. தொழிலில் ஒரு எழுத்து கோணினால் இரவு தூக்கம் வராதவன், இவ்வளவு மோசமான ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வரை மகிழ்ச்சியாக நடந்து வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். இருபதாவது நாளோ என்னவோ, கட்டைவிரல் வளையும் இடம் மட்டும் சரியாக விழுந்தது. மற்ற விரல்கள் இன்னும் வெண்டைக்காய்தான்.

வெண்டைக்காய் என்றதும் நினைவுக்கு வருகிறது. உன் அம்மா பொரியலுக்கு நறுக்கிப் போட்ட துண்டுகளைப் போன மாதம் முழுவதும் வரைந்தேன். ஒவ்வொன்றும் ஐந்து மூலை, ஐந்து அறை, அறைக்குள் விதை. பலகையில் கிடக்கும் இருநூறு துண்டுகளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. 'ழ' என்ற எழுத்தை என் வாழ்நாளில் பல்லாயிரம் முறை எழுதியிருப்பேன், எல்லாம் ஒரே அச்சு. ஒன்றுபோல் வரவேண்டும் என்பதற்குத்தான் எனக்குக் கூலி. இங்கே அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. சமையல் தாமதமாகிறது என்று உன் அம்மா கோபித்துக்கொள்கிறாள். ஆனாலும் நல்ல துண்டாக நாலைந்தை எனக்கென்று ஓரமாகத் தள்ளி வைக்கிறாள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

பார்க்க ஆள் வேண்டும் என்று சொன்னாயே, அதற்கு நம் ஊரிலேயே ஒருவரைச் சொல்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. அப்படியிருந்தும் 1736 முதல் 1761 வரை, கப்பல் வந்தது, போனது, யார் எவரிடம் என்ன சொன்னார் என்று தமிழில் குறித்துக்கொண்டே இருந்தார். அவர் காலமாகி எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் அந்த நாட்குறிப்பு வெளியே தெரியவந்தது. இன்று அதை வரலாறு என்கிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை; இருபத்தைந்து ஆண்டுகள், எவரும் ஆர்டர் கொடுக்காமல், இரவில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாரே, அதுதான் என்னால் நம்ப முடியாததாக இருக்கிறது.

நீ அலுவலகத்தில் நாள் முழுவதும் திரையில் வடிவமைக்கிறாய். ஒவ்வொன்றையும் நாலு பேர் பார்த்து, திருத்தி, ஒப்புதல் தந்த பிறகே வெளியே போகும் என்று சொல்லியிருக்கிறாய். கேட்கும்போது எனக்கு என் ஏணிதான் கண்ணில் நிற்கும். நீ என்னைப் போல அறுபது வயது வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதையெல்லாம் எழுதுகிறேன். உன் மேசையில் தேநீர்க் கோப்பை விட்ட வட்டக் கறையை வரை. மோசமாக வந்தால் எனக்கு அனுப்பு. நன்றாக வந்தால் நீயே வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. நான் அடித்த சுண்ணாம்பு உன் மீனை மறைக்கவே இல்லை, தெரியுமா? எண்ணெய்ப் பசையுள்ள எனாமலின் மேல் சுண்ணாம்பு பிடித்து நிற்காது. தொழில்காரனான எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழையில் அந்த இடம் மட்டும் பொருக்கு விட்டு உதிரும், பொங்கலுக்கு நான் திரும்ப அடிப்பேன். இந்த வாரம் பெய்த மழையில் வாலும் பாதி உடம்பும் வெளியே வந்துவிட்டன. செதிலுக்குப் பதிலாக நீ சின்னச் சின்ன 'ப' எழுத்துகளைப் போட்டிருக்கிறாய். அன்று நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வரும் ஆளிடம், துவைக்கும் கல்லுக்கு மேலே இரண்டு முழம் விட்டுவிடும்படி சொல்லிவிட்டேன். அங்கே என்ன என்று கேட்டார். மீன் என்றேன்.

அன்புடன்,
அப்பா