நன்னீர் மீன்களின் வாழிடம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

பூமிப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவான இடத்தையே பிடித்திருக்கும் ஆறு, ஏரி, குளங்களில்தான் உலகின் மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி வாழ்கின்றன. ஆகவே, கரையோரப் பணிகளில் ஈடுபடுவோர் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கரையைச் சுத்தம் செய்வதாக எண்ணி மரங்களையும் நாணலையும் அகற்ற வேண்டாம். நிழல் போனால் நீர் சூடாகும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நன்னீர், 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமையே தாங்கும்.

வேர்ப்பிடிப்பை இழந்த கரையிலிருந்து மழையில் கரைந்துவரும் வண்டல், கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுவதால், அங்கு இடப்பட்ட முட்டைகளைச் சுற்றி நீரோட்டம் நின்று, அவை மூச்சு முட்டி அழிகின்றன. யார் கண்ணிலும் படாத இந்த இழப்பே, கரை ஒதுங்கும் செத்த மீன்களைவிட எனக்கு அதிகக் கவலை அளிக்கிறது. நீரில் விழுந்து கிடக்கும் கிளைகளும் குப்பையல்ல. குஞ்சுகள் ஒளிந்துகொள்வது அவற்றின் அடியில்தான்.

தொட்டியில் வளர்த்த மீன்களை இரக்கத்தினால்கூட நீர்நிலையில் விடாதீர்கள்.

ஆக்சிஜனை அளப்பவர்கள் விடியற்காலையில் அளக்கவும். பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் அளவு உயர்ந்தே தெரியும். இரவெல்லாம் நீருக்குள் உள்ள அனைத்தும் சுவாசித்து முடித்த பிறகு மிஞ்சுவதே மீனுக்கு உண்மையில் கிடைப்பது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால், இடம், நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைப் படத்துடன் உடனே இங்கு பதிவிடவும்.