கெய்ட்டர் வாங்கும்போது அடிவாரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிநடை பற்றிய கட்டுரையில் கால் பாதுகாப்பை 'முழங்கால் வரை வரும் நீர்புகாத கெய்ட்டர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கெய்ட்டர் என்பது பூட்ஸின் மேற்பகுதியையும் கால்சட்டையின் கீழ்ப்பகுதியையும் மூடி, காலைச் சுற்றி மாட்டும் துணி உறை. அதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர் ஏமாறுவார்.

உயரம் சரிதான். பனியில் புதையாமல் நடக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலமான ஸ்னோஷூவின் வால்பகுதி அடிக்கு அடி பனியை வாரி ஆடுசதைமேல் இறைக்கும், 40 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். சரளைக்கல் பாதையில் மலையேறக் கணுக்கால் அளவே போதும். ஆனால் முழுக்கக் காற்றுப் புகாத துணி வேண்டாம். ஏற்றத்தில் வியர்வை வெளியேற வழியின்றி உள்ளேயே படிந்து கால்சட்டையை நனைக்கும். பனிதான் புகுந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மேல்பாதி ஆவி வெளியேறும் துணியாகவும், கணுக்காலைச் சுற்றிய பகுதி தடித்த நைலானாகவும் இருக்கட்டும்.

பெரும்பாலும் முதலில் அறுவது பூட்ஸுக்கு அடியில் ஓடும் வார். பாறையில் தேயும், ஸ்னோஷூவின் தளத்தில் உராயும். சாதாரண நாடா என்றால் ஈரப்பனி அப்பிக் கட்டியாகிவிடும். ரப்பர்த் தன்மையுள்ள வாரில் அவ்வளவாக ஒட்டாது. அதைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சேர்த்துத் தைத்திருந்தால் வார் அறுந்த அன்றே கெய்ட்டரும் வீண்தான். மாட்டும்போது குதிக்கு முன்னுள்ள பள்ளத்தில் வார் பதிந்திருக்க வேண்டும்.

அளவெடுக்கும்போது குளிர்காலக் கால்சட்டை, பூட்ஸ் இரண்டையும் போட்டுக்கொண்டே ஆடுசதையின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உட்பக்கத் துணி மறுகாலில் சிக்கும். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் கிராம்பானின் முள் பட்டால் கிழிந்தே போகும். முன்பக்கம் அகலமான வெல்க்ரோ உள்ளதே நல்லது. பின்பக்க ஜிப்பில் பனி உறைந்துவிட்டால், கையுறையோடு திரும்பிப் பார்த்து இழுப்பது பெரும்பாடு.

பக்கிள்கள் வெளிப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். கெய்ட்டரின் முன்பக்கக் கொக்கியைப் பூட்ஸின் கீழ்க்கோடி லேஸில் கோத்த பிறகு அடிவாரை இறுக்குங்கள். மேல் கயிற்றை விரல் நுழையும் அளவுக்கு விடுங்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் பாதம் சில்லிட்டுப் போகும்.

மழையில் மட்டும் முறை மாறும். மழைக் கால்சட்டையைக் கெய்ட்டருக்கு மேலே விட வேண்டும், இல்லாவிட்டால் வழிகிற தண்ணீர் நேரே பூட்ஸுக்குள் இறங்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்