ழான் கபேன்: பாதி வாழ்க்கைதான் அச்சாகியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு நடிகர் ழான் கபேனைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை வரவேற்கிறேன். அவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அரிது. அப்படி அரிதாக வருவதில் பிழை புகுந்தால் அதுவே நிலைத்துவிடும் என்பதால் இந்தக் கடிதம்.

போருக்கு முந்தைய எல்லாப் படங்களிலும் கபேன் கடைசியில் செத்துப்போவார் என்கிறது கட்டுரை. ஐந்து முக்கியப் படங்களுக்கு இது பொருந்தும். ‘லா பாந்தேரா’வில் (1935) குண்டடிபட்டுச் சாகிறார். ‘பெப்பே ல மோக்கோ’வில் (1937) துறைமுகத்தின் இரும்புக் கதவருகே தன்னையே குத்திக்கொள்கிறார். ‘ல கே தே ப்ரூம்’ (1938) படத்தில் தெருவில் சுடப்படுகிறார். அதே ஆண்டின் ‘லா பேத் யுமேன்’ படத்தில் ஓடும் ரயில் எஞ்சினிலிருந்து குதிக்கிறார். ‘ல ழூர் ஸ லேவ்’ (1939) அவர் தன் அறையில் தன்னையே சுட்டுக்கொள்வதோடு முடிகிறது. ஆனால் இவற்றுக்கு நடுவே வந்த ‘லே பா-ஃபோன்’ (1936) படத்தில் காதலியோடு சாலையில் நடந்து போகிறார். ‘லா கிராந்த் இல்யூசியோன்’ (1937) படத்தில் பனியைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்புகிறார். ‘கேல் தமூர்’ (1937) படத்தில் கொலை செய்துவிட்டு ரயிலேறிப் போகிறார். விமர்சகர் ஆந்த்ரே பஸான் கபேனை, தொப்பி போட்ட தொழிலாளி உருவில் வந்த ஈடிபஸ் (விதியிடம் தோற்கும் கிரேக்க நாடக நாயகன்) என்று பார்த்தார். அந்தப் பார்வை ஆழமானது. அதைக் கணக்காக மாற்றும்போதுதான் தவறாகிறது.

அடுத்தது, “அவர் நடிக்கவே இல்லை, தானாகவே இருந்தார்” என்ற வரி. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். 1904 மே 17 அன்று பாரிஸில் பிறந்த ழான் மோன்கோர்ழேயின் பெற்றோர் இருவரும் மேடைக் கலைஞர்கள். ‘கபேன்’ என்பது தந்தையின் மேடைப் பெயர். மகன் 1922-இல் பாரிஸின் ஃபோலி பெர்ழேர் கேளிக்கை அரங்கில் மேடையேறி, பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் பழகி, 1928-இல் மூலான் ரூழ் அரங்கில் புகழ்பெற்ற பாடகி மிஸ்தாங்கெத்தோடு ஆடினார். 1930-இல் பேசும் படத்துக்குள் வந்தபோது, எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால் அரங்கம் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேடையில் கற்ற அந்த நிதானத்தை மைக் முன்னால் குரலைத் தாழ்த்திப் பயன்படுத்தினார். ‘இயல்பு’ என்று நாம் சொல்வது அந்தக் கணக்கைத்தான்.

இதைச் சோதிக்க ‘லா பேத் யுமேன்’ படத்தின் தொடக்கக் காட்சி ஒன்றே போதும். லே ஆவ்ர் நோக்கி விரையும் நீராவி எஞ்சின். இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் ஓட்டுநர் லாந்தியேயாக வரும் கபேனும் கரி அள்ளிப் போடும் கூட்டாளியாக வரும் கரேத்தும் சைகையாலும் பார்வையாலுமே வேலையை நடத்துகிறார்கள். இயக்குநர் ரெனுவார் இதை ஓடும் ரயிலிலேயே எடுத்தார். அதற்காகக் கபேன் எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் வளர்ந்தது மெரியேல் கிராமத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில். கையை எங்கே வைப்பது என்று தேடாத ஒரு நடிகரைப் பார்க்கிறோம். பின்னால் இதே மனிதர் கொலை வெறிக்கு ஆளாகும்போது நாம் நம்புவதற்கு அந்த முதல் சில நிமிடங்களே காரணம்.

கோபமும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வெடித்துக் கத்தும் காட்சி ஒன்று வேண்டும் என்று அவர் கேட்பதாகச் சொல்லப்படுவதைப் பஸான் குறிப்பிட்டிருக்கிறார். ‘ல ழூர் ஸ லேவ்’ படத்தில் அது ஜன்னலிலிருந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தும் இடம். அதற்கு முந்தைய காட்சிகளில் அவர் எவ்வளவு குறைவாக அசைகிறார், குரல் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். அந்த அடக்கம் இல்லையென்றால் கத்தல் வெறும் சத்தமாகிவிடும்.

போர்க்காலத்துக்குக் கட்டுரை ஒதுக்கியது ஒரே வாக்கியம். 1941-இல் அமெரிக்கா போன கபேன் அங்கே நடித்தவை இரண்டே படங்கள். இரண்டும் எடுபடவில்லை. பாரிஸ் தெருப்பேச்சின் இழுவையில் நின்ற நடிப்புக்கு ஆங்கிலம் இடம் தரவில்லை. பிறகு, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, ‘எலோர்ன்’ என்ற எண்ணெய்க் கப்பலில் அட்லான்டிக்கைக் கடந்து அல்ஜியர்ஸ் போனார். கடற்படையினரின் கவசப் படைப்பிரிவில், ‘சுஃப்ளேர் 2’ என்ற கவச வாகனத்தின் தலைவராக 1945-இல் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது வயது ஏறத்தாழ 41. திரும்பி வந்தவருக்கு முடி நரைத்திருந்தது. இளம் காதலன் வேடம் இனி இல்லை.

“அதன்பின் சரிவு” என்று முடிப்பது நியாயமில்லை. 1946-இல் மார்லேன் டீட்ரிச்சுடன் நடித்த படம் தோற்றது உண்மை. ‘ல ழூர் ஸ லேவ்’ இயக்குநர் கார்னே கொடுத்த வேடத்தை மறுத்ததும் உண்மை. அது இவ் மோந்தானுக்குப் போயிற்று. ஆனால் 1951-இலேயே வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றுவிட்டார். 1954-இல் ழாக் பெக்கேரின் ‘தூஷே பா ஓ கிரிஸ்பி’ அவருக்கு அந்த விருதை மீண்டும் தேடித் தந்தது. தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்த இரு முதிய நண்பர்கள் இரவில் ஒளிந்திருக்கிறார்கள். என்ன செய்கிறார்கள்? மொறுமொறுப்பான ரொட்டித் துண்டில் இறைச்சிப் பூச்சைத் தடவித் தின்கிறார்கள், வெள்ளை ஒயின் குடிக்கிறார்கள், பைஜாமா மாட்டுகிறார்கள், பல் தேய்க்கிறார்கள். அவ்வளவுதான். உடம்பு முழுக்க அலுப்போடு, அவசரமே இல்லாமல் கபேன் அதைச் செய்யும்போது ஒரு வாழ்க்கையே தெரிகிறது. முப்பதுகளின் கபேனால் இந்தக் காட்சியைச் செய்திருக்க முடியாது.

இரண்டாண்டு கழித்து வந்த ‘லா த்ராவெர்சே தெ பாரி’யில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸின் குறுக்கே நான்கு பெட்டிகளில் கள்ளச்சந்தைப் பன்றி இறைச்சியைச் சுமந்து போகும் கதை. கடைக்காரரின் நிலவறையில், அவர் பெயரையும் முகவரியையும் தெருவுக்கே கேட்கும்படி கத்திக் கத்திக் கபேன் கூலியை ஏற்றுகிறார். பழைய அதே வெடிப்புதான், ஆனால் இப்போது அது பேரம் பேசும் கருவி. பிறகு மெக்ரே துப்பறிவாளராக மூன்று படங்கள், இளைய நட்சத்திரங்களான பெல்மோந்தோவோடும் தெலோனோடும் இணைந்து நடித்தவை, 1971-இல் சிமோன் சிஞ்ஞோரேவோடு ‘ல ஷா’. அந்தப் படத்துக்காக இருவருக்குமே பெர்லினில் வெள்ளிக் கரடி கிடைத்தது.

கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் படங்களைத் தேடப் போகும் வாசகர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ‘லா பெல் எகிப்’ (1936) படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நண்பர்கள் சமரசமாவது தயாரிப்பாளர் கேட்டு எடுத்தது. இயக்குநர் துவிவியே விரும்பியது துப்பாக்கிச் சூட்டில் முடிவது. எது கையில் கிடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படத்தை மதிப்பிடுங்கள். ‘ல ழூர் ஸ லேவ்’ படத்தை, போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி ஆட்சியின் தணிக்கை வெட்டியது. யூதர்கள் என்பதற்காகக் கலை இயக்குநர் த்ரௌனேர், ஒளிப்பதிவாளர் கூரான் இருவரின் பெயர்களும் படத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வெட்டியவை சேர்க்கப்பட்ட, 2014-இல் மீட்டெடுத்த பிரதியே நல்லது. ‘லா கிராந்த் இல்யூசியோன்’ நெகட்டிவ் ஜெர்மானியரால் பெர்லினுக்கும், பிறகு மாஸ்கோவுக்கும் போய், துலூஸ் திரைப்படக் காப்பகத்துக்குத் திரும்பியது. அதிலிருந்து எடுத்த பிரதியில் ஒளியும் நிழலும் தெளிவாக இருக்கும். எதுவானாலும் வேற்றுமொழிக் குரல் ஏற்றிய பிரதி வேண்டாம். குரல் போனால் கபேனில் பாதி போய்விடும். கொச்சை வழக்கைச் சப்டைட்டில் சுருக்கிவிடுகிறது என்பதால், ஒரே காட்சியை இரண்டாம் முறை எழுத்தைப் படிக்காமல் கேட்டுப் பார்ப்பது பலன் தரும்.

கடைசியாக, “பேர் லஷேஸ் கல்லறையில் உறங்குகிறார்” என்ற படக்குறிப்பு. 1976 நவம்பர் 15 அன்று கபேன் காலமானார். பேர் லஷேஸில் நடந்தது எரியூட்டல் மட்டுமே. அங்கே அவருக்குக் கல்லறை இல்லை. நவம்பர் 19 அன்று பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து, பிரெஸ்த் துறைமுகத்துக்கு அப்பால், அவருடைய சாம்பல் கடலில் தூவப்பட்டது. இந்தத் திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்