கறுப்புக் கோழிக்கு எப்படிப் பழுப்புக் குஞ்சு பிறந்தது?

அன்பு மகளுக்கு,

சேவலும் கறுப்பு, பெட்டையும் கறுப்பு, ஆனால் பொரித்த ஒன்பதில் இரண்டு குஞ்சுகள் முதுகில் நீளக் கோட்டோடு பழுப்பாக வந்திருக்கின்றனவே, முட்டை மாறிப்போயிருக்குமா என்று கேட்டிருந்தாய். மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கலப்புக் கோழியில் இது சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்று, உள்ளே சுமந்துகொண்டிருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் நீ பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதியெல்லாம் கணக்குதான்.

கோழி இறகில் இருக்கும் நிறமி இரண்டே வகை: கறுப்பு, செம்பொன். வெள்ளை என்பது நிறமி இல்லாத இடம். வரி, புள்ளி, சாம்பல் எல்லாம் இந்த இரண்டு நிறமியும் எங்கே விழ வேண்டும், எவ்வளவு விழ வேண்டும் என்று மற்ற மரபணுக்கள் போடும் உத்தரவுகள். உடல் முழுக்கக் கறுப்பைப் பரப்பும் மரபணு ஓங்கு தன்மை உள்ளது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பங்கு கிடைத்தாலே பறவை கறுப்பாகிவிடும். உன் சேவலும் பெட்டையும் ஆளுக்கு ஒரு பங்கு கறுப்பும் ஒரு பங்கு பழுப்பும் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு பழுப்பாக வரும். ஒன்பதுக்கு இரண்டு என்பது கணக்குக்கு ஒத்துத்தான் இருக்கிறது. அதே ஜோடி அடுத்த தடவை எட்டுக் குஞ்சு பொரித்து எல்லாமே கறுப்பாக இருந்தாலும் குழம்பாதே, அதற்கும் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு.

கறுப்புப் பறவையின் கழுத்தில் செம்பொன் இறகு கசிந்து தெரிந்தால் பெரும்பாலும் அதனிடம் ஒரு பங்குதான் கறுப்பு இருக்கும். புதிதாக வாங்கும் கறுப்புச் சேவலைச் சோதிக்க வேண்டுமா? செவலைப் பெட்டையோடு விடு. ஒரே ஒரு குஞ்சு பழுப்பாகவோ செவலையாகவோ வந்தாலும் முடிவு தெரிந்துவிட்டது. தொடர்ந்து ஏழு குஞ்சும் கறுப்பாக வந்தால் சேவல் சுத்தக் கறுப்பு என்று நம்பலாம். ஒரு பங்கு மட்டும் உள்ள சேவலுக்கு ஏழும் கறுப்பாக விழ 128-ல் ஒரு வாய்ப்புதான்.

வெள்ளைக் கோழியிடம்தான் அதிகம் ஏமாறுவார்கள். வெள்ளையில் இரண்டு வகை உண்டு. லெக்ஹார்ன் என்ற இனத்தில் இருப்பது ஓங்கு வெள்ளை. கறுப்போடு சேர்த்தால் குஞ்சுகள் வளர்ந்ததும் வெள்ளையாகவே இருக்கும், அங்கங்கே கறுப்புத் துளி தெறித்திருக்கும். இது கறுப்பைத்தான் நன்றாக அடக்கும். செம்பொன்னை முழுசாக அடக்காது, அதனால் செவலையோடு சேர்த்தால் மார்பிலும் தோளிலும் மங்கிய செம்மை எட்டிப் பார்க்கும். இன்னொன்று ஒடுங்கு வெள்ளை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் கிடைத்தால்தான் வெளியே தெரியும். அதை நிறமுள்ள கோழியோடு சேர்த்தால் குஞ்சில் வெள்ளையே இருக்காது, பேரக்குஞ்சில் திரும்ப வரும். எந்த வகையானாலும் வெள்ளை என்பது ஓவியத்தின் மேல் அடித்த சுண்ணாம்பு. அடியில் வரி இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறக் கணக்கு போட நினைக்கும் கூட்டில் வெள்ளைச் சேவலை விடாதே.

சாம்பல் பெட்டை ஒன்றும் இருப்பதாக எழுதியிருந்தாய். வழக்கமான சாம்பல் நிலையான நிறம் அல்ல. சாம்பலோடு சாம்பல் சேர்த்தால் பாதிதான் சாம்பல், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெளிறிப்போய்ச் சாம்பல் திட்டு விழுந்தது. எல்லாக் குஞ்சும் சாம்பலாக வேண்டும் என்றால் அந்தத் திட்டுக்கோழியைச் சுத்தக் கறுப்போடு சேர்க்க வேண்டும். லாவண்டர் என்று விற்கும் சாம்பல் வேறு சங்கதி. அது ஒடுங்கு தன்மை. லாவண்டர் இரண்டைச் சேர்த்தால் குஞ்சு அத்தனையும் லாவண்டர்தான். சுத்தக் கறுப்போடு சேர்த்தால் ஒன்றுகூடச் சாம்பலாக வராது.

பொரித்த அன்றே சேவல், பெட்டை பிரிக்க முடியுமா என்று கேட்டாயே, அதற்கு வழி உண்டு. மனிதர்களுக்கு நேர்மாறாக, கோழியில் சேவலுக்குத்தான் ஒரே மாதிரியான இரண்டு பால் குரோமோசோம்கள். பெட்டைக்கு அதில் ஒன்றுதான். அந்த ஒன்றைத் தாய் தன் ஆண் குஞ்சுக்கு மட்டும் கொடுக்கிறாள், பெண் குஞ்சுக்குத் தகப்பனிடமிருந்து மட்டும் வருகிறது. வரி மரபணு இருப்பது இந்தக் குரோமோசோமில். ஆகவே பிளைமவுத் ராக் போன்ற வரிப் பெட்டையை வரியில்லாத செவலைச் சேவலோடு விட்டால், வரி ஆண் குஞ்சுக்கு மட்டுமே போகும். உடல் காய்ந்து பஞ்சாக நிற்கும் முதல் நாளிலேயே பகல் வெளிச்சத்தில் தலையைப் பார். கறுப்புக் குஞ்சின் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் வெள்ளைப் பொட்டு இருந்தால் ஆண். பொட்டு இல்லாமல் தலை முழுக்கக் கறுத்து, காலும் கறுத்திருந்தால் பெண். வயிற்றடி வெளுப்பைக் கணக்கில் எடுக்காதே, அது எல்லாக் கறுப்புக் குஞ்சுக்கும் உண்டு.

மூன்று இடத்தில் இது கெடும். ஜோடியைத் திருப்பி வைத்தால், அதாவது சேவல் வரியாகவும் பெட்டை வரியில்லாமலும் இருந்தால், ஆண், பெண் இரண்டுக்குமே வரி வந்துவிடும். குஞ்சின் பஞ்சு பழுப்பாகவோ வெளிறியோ இருந்தால் பொட்டு மறைந்துபோகும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்: இப்படிப் பிறந்த குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே ஜோடி சேர்ப்பது. அடுத்த தலைமுறையில் ஆணில் பாதிக்கும் பெண்ணில் பாதிக்கும் வரி வரும், பொட்டு எதையும் சொல்லாது. ஒவ்வொரு தடவையும் மூலப் பெற்றோரிடமிருந்துதான் பொரிக்க வேண்டும்.

செம்பொன்னை வெளுக்க வைக்கும் வெள்ளி மரபணுவும் இதே குரோமோசோமில்தான், அதனால் பொன் சேவல், வெள்ளிப் பெட்டை ஜோடிக்கும் இதே கணக்குதான். ரோட் ஐலண்ட் ரெட் சேவல், லைட் சசெக்ஸ் பெட்டை என்று வைத்தால் வெளிர்மஞ்சள் குஞ்சு ஆண், செம்பழுப்புக் குஞ்சு பெண்.

சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறு. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதற்குள் எடுத்த முட்டையை அடை வைத்துவிட்டுத் தகப்பன் யாரென்று தேடிப் பயனில்லை. முட்டையில் தாயின் அடையாளத்தையும் தேதியையும் பென்சிலால் எழுது, மார்க்கர் வேண்டாம். ஏழு நாளுக்குள் அடை வைத்துவிடு. இன்குபேட்டரில் பொரிப்பதானால் 18-ம் நாள் தாய்வாரியாகச் சின்னக் கூடைகளில் பிரித்துவிடு, இல்லாவிட்டால் 21-ம் நாள் எல்லாம் கலந்துவிடும். காலில் நிற வளையம் போட்டால் வாரம் ஒரு முறை தளர்வு பார். கால் பருக்கும், வளையம் பருக்காது, சதைக்குள் இறங்கிவிடும்.

குஞ்சு நிறத்தை வைத்து எதையும் கழித்துவிடாதே அம்மா. கறுப்புக் குஞ்சின் முதல் இறகில் வரும் வெள்ளை நுனிகள் உதிர்ந்துவிடும். சரியான நிறம் ஐந்தாறு மாதத்தில்தான் தெரியும். வெயிலில் கறுப்பு துருப்பிடித்தாற்போல் மங்கும். அதனால் இறகு உதிர்த்துப் புதிது முளைத்த பிறகு பார்த்து முடிவெடு. நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக அண்ணன் தங்கைக் குஞ்சுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனால் பொரிப்பும் குறையும், குஞ்சின் திடமும் குறையும்.

அந்தப் பழுப்புக் குஞ்சுகள் இரண்டையும் வைத்துக்கொள். அவற்றில் ஒன்று பெட்டையாக இருந்தால் உன் கறுப்புச் சேவல்களைச் சோதிக்க அதுவே போதும், செவலைப் பெட்டை தேடி வாங்க வேண்டாம். சாம்பல் பெட்டையின் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. இறகு ஓரத்தில் கருமை விளிம்பு இருக்கிறதா என்று பார்த்து அடுத்த ஜோடியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா