மரச்சட்டத்துக்குள் சிக்கிய ஒயர்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரின் மரச்சட்டத் துளையில் ஃபோம் அடைப்புக்குள் சிக்கியிருக்கும் பழைய கேபிளை மாப்பிள்ளை பிளேயரால் பிடித்து இழுத்ததில் அதன் மேலுறை உரிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். முதலில் அவரை இழுப்பதை நிறுத்தச் சொல். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே உரிந்திருக்கிறது என்றால், துளைக்குள் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. அந்தக் கேபிளை மறுபடி பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி, அதை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டுமா? நீ எழுதியதைப் பார்த்தால், பாதி ஒயர்கள் வெறுமனே வேண்டாதவை. துளையை அடைத்திருக்கும் அந்த ஆரஞ்சு ஃபோம் யாரோ அழகுக்கு அடித்ததல்ல. மரச்சட்டச் சுவரின் உள்வெற்றிடம் தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடும்; கீழ்த்தளத்து நெருப்பும் புகையும் மேலே ஏறாமல் தாமதப்படுத்தவே துளைகளை அடைக்கிறார்கள். வேண்டாத கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, சட்டத்தின் இரு பக்கமும் ஒட்ட வெட்டிவிட்டால் போதும். நடுவில் இருக்கும் துண்டு அங்கேயே கிடக்கட்டும், அடைப்பும் கெடாது. நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

வெட்டுவதற்கு முன் சப்ளை இல்லை என்று உறுதி செய்வதில் சோம்பல் கூடாது. பிரேக்கரை இறக்கினோம், விளக்கு அணைந்தது என்பது போதாது. ஒரே துளையில் வேறொரு சர்க்யூட்டின் கேபிளும் போகலாம். தொடாமலே பார்க்கும் பேனா டெஸ்டரை நம்பி வெட்டாதே. இரண்டு முனை டெஸ்டரை முதலில் சப்ளை இருக்கும் இடத்தில் வைத்துப் பார், பிறகு இந்தக் கேபிளில் பார், மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் பார். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அந்த மூன்றாவது முறையில் தெரிந்துவிடும். பிரேக்கரில் ஒரு சீட்டும் ஒட்டிவை, யாராவது வந்து தூக்கிவிடப் போகிறார்கள்.

சமையலறைக் கேபிளை இடம் மாற்ற வேண்டும் என்கிறாயே, அதை மட்டும் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு முன் சட்டத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்திருக்கிறதா என்று தடவிப் பார். ஃபோம்தான் பிடித்திருக்கிறது என்று பலரும் மல்லுக்கட்டுவார்கள். பிடித்திருப்பது கிளிப்பாக இருக்கும். கிளிப்பை எடுத்த பின், சட்டத்துக்கு வெளியே பிதுங்கியிருக்கும் ஃபோமைக் கத்தியால் சீவு. கத்தி முனை எப்போதும் மரத்தின் பக்கம் இருக்கட்டும், கேபிளின் பக்கம் வேண்டாம். பிறகு இழுக்காதே, எதிர்ப்பக்கமாகத் தள்ளு. தள்ளி, லேசாக முறுக்கி, மறுபடி தள்ளினால் பிடிப்பு விடும்.

அப்படியும் விடவில்லையென்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கேபிள் உள்ளே தாராளமாக நுழையும் அளவுக்கு மெல்லிய உலோகக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் அரத்தால் பல் வெட்டிக்கொள். உள்விளிம்புப் பிசிரை நன்றாக ராவி எடுத்துவிடு, இல்லாவிட்டால் அதுவே உறையைக் கீறும். கழற்றிய முனை வழியாகக் குழாயை மாட்டி, கையாலேயே திருகிக்கொண்டு உள்ளே போ. ஃபோம் வளையமாக அறுந்து வரும். ட்ரில்லில் மாட்ட ஆசை வரும், வேண்டாம்.

ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். அதோடு, துளை அடைக்கப் பூசும் சிவப்பு சீலன்ட் பசைகளில் பல சூடுபட்டால் உப்பி இறுகும்படியே செய்யப்பட்டவை. அசிட்டோனும் உதவாது, காயாத ஃபோமைத்தான் அது கரைக்கும்.

எடுத்த கேபிள் முழுசாக இருந்தாலும், மறுபடி இணைக்கும் முன் மெக்கர் (உறை வழியே கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல். 500 வோல்ட் டிசியில் 1 மெகாஓமுக்குக் குறைந்தால் தூக்கிப் போடவேண்டியதுதான். நல்ல கேபிளில் இதைவிடப் பல மடங்கு காட்டும். புது இடத்துக்கு நீளம் போதாமல் ஜாயின்ட் போட நேர்ந்தால், அது மூடி கழற்றிப் பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள்தான் இருக்கவேண்டும். சுவருக்குள் புதைப்பதாக எலக்ட்ரீஷியன் சொன்னால் வேறு ஆளைப் பார்.

காலியான துளைகளைப் பலகை அடிக்கும் முன் தீத்தடுப்பு சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள், ஜன்னல் ஓரத்துக்கு அடிக்கும் சாதா ஃபோம் ஆகாது. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் மட்டும் நீங்களாக எதுவும் செய்யவேண்டாம். அங்கே அந்தச் சுவருக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட முறையில்தான் அடைக்கவேண்டும்.

கடைசிப் படத்தில், மாடிப்படிக்குக் கீழே, துளையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நார்நாராகத் தெரிகிறதே, அது ஃபோம் அல்ல. உன் வீடு பழையது, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. சுரண்டவோ பெருக்கவோ வேண்டாம், குழந்தையை அந்தப் பக்கம் விடாதே. மாதிரி எடுப்பதற்கும் அதற்கென்று பயிற்சி பெற்றவரையே கூப்பிடு. முடிவு வந்ததும் எனக்குச் சொல், அதுவரை படிக்கட்டுப் பக்கத்து வேலை நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா