நம் பள்ளிச் சந்தைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும்,

வணக்கம். நூலகத்தைப் புதுப்பிக்க நாம் நடத்திய நிதி திரட்டும் சந்தை நல்லபடியாக முடிந்தது. நினைத்த தொகை சேர்ந்துவிட்டது. பலரும் இதைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவது எல்லாம் நன்றிதான்.

முதல் நன்றி, முதல் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு. எந்த ஸ்டாலில் எவ்வளவு வசூலாகும் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, "கையில் காசில்லாமல் வரும் பிள்ளை அன்றைக்கு என்ன செய்யும்?" என்று கேட்டார். வெளியில் எங்கோ நடக்கும் பொருட்காட்சி என்றால் காசில்லாதவர் போகாமல் இருந்துவிடலாம். தன் பள்ளி மைதானத்திலேயே நடக்கும் சந்தையை விட்டு ஒரு பிள்ளை எங்கே போகும்? கூடப் படிப்பவர்கள் விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்கத்தான் வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தச் சந்தையின் திட்டமே உருவானது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு டோக்கன், ஒரே மாதிரி ஒட்டிய உறையில், வகுப்பாசிரியர் கையால் போய்ச் சேர்ந்தது. கவுண்டரில் காசு கொடுத்து வாங்கிய டோக்கனும் அதே நிறம், அதே அச்சு. யார் கையில் இருப்பது எந்த டோக்கன் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த உறைகளுக்கான செலவை ஏற்றுக்கொண்ட நன்கொடையாளர்களே, உங்கள் பெயர் எந்தப் பேனரிலும் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டபடி இந்த மடலிலும் போடவில்லை. ஆனால் அன்று மைதானத்தில் நின்றிருந்தால் நீங்கள் கொடுத்தது என்ன என்று கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள்.

கணித ஆசிரியைக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பகடை ஸ்டாலுக்கு நாங்கள் முதலில் போட்ட விதி இதுதான்: மூன்று பகடையை உருட்டி மூன்றிலும் 6 விழுந்தால் பரிசு. பார்க்கச் சுலபமான விளையாட்டாகத் தெரிந்தது. மாணவர்கள் கணக்குப் போட்டு, அதற்கு 216-ல் ஒரு வாய்ப்புதான் என்று காட்டினார்கள். வருகிற சின்னப் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் வெறுங்கையோடு திரும்பும் விளையாட்டு அது. ஏதாவது ஒரு பகடையிலாவது 6 விழுந்தால் சிறு பரிசு என்று வைத்தால் வாய்ப்பு 216-ல் 91 ஆகும், அதாவது ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மேல் ஏதோ ஒன்று கிடைக்கும் என்று சொல்லி, அதற்கு எத்தனை பென்சிலும் ஸ்டிக்கரும் வாங்கி வைக்க வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்தார்கள். வளையம் எறியும் ஸ்டாலில் வயதுக்கு ஏற்ப மூன்று கோடுகள் போட்டதும் அவர்கள் யோசனைதான். பாடத்தில் படித்த நிகழ்தகவை இவ்வளவு கரிசனத்தோடு பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை.

முதல் ஒரு மணி நேரம் மைக்கும் பாட்டும் வேண்டாம் என்று கேட்ட பெற்றோருக்கும், அதை ஒரு வார்த்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட மைக் செட்காரருக்கும் நன்றி. பெரிய சத்தமும் நெரிசலும் தாங்க முடியாத பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் நிதானமாக எல்லா ஸ்டாலையும் சுற்றி வந்தார்கள். படிக்கட்டு இருந்த இடத்தில் மரப்பலகையில் சாய்தளம் அடித்துக் கொடுத்த அப்பாக்களையும் இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன். சக்கர நாற்காலிக்காகப் போட்டது அது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்களுக்கும் கைத்தடி ஊன்றி வந்த தாத்தா பாட்டிகளுக்கும் அதுவே வழியாகிவிட்டது.

சமைத்து வந்தவர்களின் ருசியை ஊரே பாராட்டியாகிவிட்டது. எனவே அந்த வரிசையில் வேறொருவரைச் சொல்கிறேன்: செவிலியராக வேலை பார்க்கும் ஒரு பெற்றோர். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது, குளிர வைத்தது 5 டிகிரிக்கு மேலே போகக்கூடாது, சாதாரணமாக வெளியில் இருக்கும் எதுவும் 2 மணி நேரத்துக்கு மேல் பரிமாறும் மேசையில் இருக்கக்கூடாது என்று வெப்பமானியும் கையுமாக நாள் முழுக்க நடந்தார். நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அட்டை வைத்ததும் அவர்தான். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெற்றோர் ஒருவர் அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, முதல் முறையாகப் பயமில்லாமல் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். உணவு ஸ்டாலில் நின்றவர்கள் பணத்தைத் தொடாமல் டோக்கன் மட்டும் வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். அது கணக்குக்கும் நல்லது, சுத்தத்துக்கும் நல்லது.

மின்சார வேலையைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட அண்ணனுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்பாத்திரம் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். அதுபோன்றவற்றை ஒரே பிளக்கில் கோத்துவிடாமல் தனித்தனி இணைப்புக்குப் பிரித்தார். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுற்றியபடியே ஓட விட்டால் சூடேறும் என்பதால் ஒவ்வொன்றையும் முழுக்கப் பிரித்து, நடைபாதையில் கால் தடுக்காதபடி ஓரமாகக் கட்டினார். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்று அடுப்படியில் நின்றவர்களுக்குச் செய்து காட்டினார். அந்தத் தேவை வரவில்லை என்பது பெரிய நிம்மதி.

தொலைந்த பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகளே, உங்கள் நிதானம் யாருக்கும் வராது. அழுதுகொண்டு வந்த பிள்ளையை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்தே கவனித்தீர்கள். மைக்கில் பிள்ளையின் பெயரையோ உடையின் நிறத்தையோ சொல்லாமல், பெற்றோரை மட்டும் மேசைக்கு அழைத்தீர்கள். அந்த விவரங்கள் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் அல்லவா? வந்தவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் பிள்ளையை ஒப்படைத்தீர்கள்.

பணம் எண்ணியவர்களைப் பற்றி. டோக்கன் தாள்களுக்கு வரிசை எண் இருந்ததால் எத்தனை விற்றது, எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பது கடைசியில் தானாகத் தெரிந்தது. பெட்டியைத் தனியாக ஒருவர் தூக்கிப்போகவே இல்லை, எப்போதும் இருவர். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி எண்ணி, இரண்டும் பொருந்திய பிறகே கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெற்றோர் தந்த நம்பிக்கையை அவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அப்புறம், தூக்கி எறியும் தட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தபோது, கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்ற பெரிய வகுப்பு மாணவர்கள். ஷிப்ட் முடிந்தும் நகராமல் நின்றவர்கள் பலர். காவலாளி அண்ணன், பள்ளியைத் துப்புரவாக வைத்திருக்கும் அக்காக்கள், வீட்டு வாசலில் வண்டி நிறுத்த விட்ட பக்கத்துத் தெருக்காரர்கள், பழைய புத்தகங்களைத் தூசி தட்டி வகை பிரித்த நூலகர், அத்தனை சுவரொட்டிகளையும் கையால் வரைந்த ஓவிய வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கு முழுவதும், ரசீதுகளின் நகலோடு, அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யாரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். வாங்கப்போகும் புத்தகப் பட்டியலுக்கு மாணவர்கள் தங்கள் விருப்பங்களை நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். விட்டுச்சென்ற குடைகள், தண்ணீர்ப் பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு ஒன்று, அலுவலகத்தில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாமல் மீந்த டோக்கன்கள் வீட்டில் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், கணக்கில் சேர்க்க உதவும்.

அன்புடனும் நன்றியுடனும்,
சந்தை ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்